‘வீச்சுவலை’ கவிதையைப் படித்தவர்கள் கேட்டவை

மட்டக்களப்பில் நண்பர்கள் கூடிய ஒரு சிறிய வாசிப்பில் ‘வீச்சுவலை’ என்ற என் கவிதையை வாசித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அன்றைக்கு வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். பிறகு அது வட்ஸ்அப்பில் கைமாறி, நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. பாண்டிருப்பு, அக்கரைப்பற்று, வாழைச்சேனை, கனடா என்று எங்கெங்கோ இருந்து எழுதுகிறார்கள். சிலர் திட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள், கூடுதலானோர் கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதும்போது ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் யார் என்பது தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கவிதையின் முழு வடிவம் எது? ஆளுக்கொரு விதமாக வருகிறதே?

இதுதான்:

கல்லடிப் பாலத்துக்குக் கீழே
இடுப்பளவு தண்ணீரில் நின்று
வலை வீசினான் ஒருவன்.
வெயில் குடித்துக் கறுத்த தோளில்
அந்தி வந்து தங்கிற்று.
நான் பார்த்தேன்.
பார்த்தேன் என்று எழுத
முப்பத்தொரு வயதாயிற்று எனக்கு.
அழகு என்று எழுதினேன்.
அவன் என்று எழுதினேன்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

கல்லடிப் பாலம் மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகிற பாலம். நான்காவது வரி முதலில் வேறாக இருந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

வீச்சுவலை என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் இருந்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆழமில்லாத தண்ணீரில் ஒருவர் தனியாக நின்று வீசுகிற வட்ட வலை. ஓரத்தில் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். வீசும்போது கை மட்டும் அசைவதில்லை, குதிகாலில் இருந்து தோள்வரை உடம்பே ஒருமுறை திரும்பும்.

அந்த ஆள் யார்?

தெரியாது. பெயர் கேட்கவில்லை. அவர் மீன் பிடித்தார், நான் பார்த்தேன், அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. ஆளைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கல்லடியில் வலை வீசுகிற ஒவ்வொருவரையும் பாலத்தில் நின்று உற்றுப் பார்ப்பது அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இது கற்பனையா, உங்கள் சொந்தக் கதையா?

சொந்தக் கதை. நான் ஆண்களை விரும்பும் ஆண்.

உங்கள் பழைய காதல் கவிதைகளில் எல்லாம் ‘நீ’தான் வருகிறது. இதில் மட்டும் ஏன் ‘அவன்’?

இதைக் கேட்டவர் கவிதை எழுதுகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

தமிழில் ஒரு வினைமுற்றை எழுதினாலே ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். வந்தான், வந்தாள். சிரித்தான், சிரித்தாள். ஒளிய இடமே இல்லை. ‘நீ’ ஒன்றுதான் இடம் தரும். நீ வந்தாய், நீ சிரித்தாய் என்று எழுதினால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். வாசிப்பவர் தானாகவே அங்கே ஒரு பெண்ணைப் போட்டுக்கொள்வார். பத்தொன்பது வயதில் எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு வருடம் அந்த ‘நீ’க்குள்ளேயே இருந்தேன்.

நடுவில் ஒரு கவிதையில் ‘அவன்’ வந்துவிட்டது. மேடையில் வாசிக்கப் போகும் முன், மண்டபத்துக்கு வெளியே நின்று பேனாவால் ‘அவள்’ ஆக்கினேன். மாற்றியது ஒரே ஓர் எழுத்து. பிறகு வினைகளையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது. பின்னல் ஒன்றும் சேர்த்தேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இல்லாத ஒரு பெண்ணையும் இருந்த ஒருவனையும் ஒரே மாலையில் ஏமாற்றியிருந்தேன்.

‘அவர்’ என்று போட்டிருக்கலாமே, மரியாதையாகவும் இருக்கும், மறைவாகவும் இருக்கும் என்று ஒரு பெரியவர் அன்போடு சொன்னார். ஐயா, அந்த மறைவைத்தான் இனி வேண்டாம் என்கிறேன்.

ஆணின் அழகை ஆண் பாடுவது தமிழில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பழைய நூல்களை எனக்குச் சாட்சியாக இழுத்துவரத் தயக்கமும் இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் இராமனை ‘ஆடவர் பெண்மையை அவாவும் தோளினாய்’ என்று கூப்பிடுகிறார். பார்க்கிற ஆண்களுக்கே, நாம் பெண்ணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தைத் தரும் தோள். முதன்முதலாக இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். கம்பர் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறார்! ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தத் தோளை விரும்ப வேண்டும் என்றால் ஆண் பெண்ணாக வேண்டும். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் திருமாலின் அழகில் உருகிப் பாடும் பல இடங்களில் நாயகியாகிவிடுகிறார்கள். அது பக்தி. அதன் உயரம் வேறு, அதை என் கவிதையோடு சேர்த்துக் கட்டமாட்டேன். ஆனாலும் அங்கேயும் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். என் கடைசி இரண்டு வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

நூல்களைவிட எனக்கு நெருக்கமானது எங்கள் ஊர்க் கூத்து. அதில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி. இரண்டிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடுவது வழக்கமாக இருந்தது. சிறுவனாக, கூத்தாடும் வட்டக்களரிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தபடி பார்த்த ஓர் இரவு நினைவிருக்கிறது. எங்கள் வயல் பக்கத்து மாமா ஒருவர் அரசியாக வந்தார். என்ன வடிவு, என்ன வடிவு என்று ஆண்களும் பெண்களும் வாய்விட்டுச் சொன்னார்கள். யாருக்கும் கூச்சமில்லை. விடிந்ததும் அதே மாமா மண்வெட்டியோடு போனார். காதுக்குப் பின்னால் அரிதாரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க அவரை வடிவு என்ற ஊர், காலையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கோ காலையிலும் அவர் வடிவாகத்தான் இருந்தார்.

ஏன் இதை நட்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது? பிசிராந்தையார் இல்லையா?

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே அன்பு வைத்தவர்கள். என் கவிதை முழுக்கப் பார்ப்பது பற்றியது. நட்பு பெரிய விடயம், எனக்கும் நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு நிற்பதில்லை.

பாடும் மீன் இல்லாமல் மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஒரு கவிதையா?

இரவில் வாவிக்குள் இருந்து ஒரு ஒலி கேட்கும், மீன் பாடுகிறது என்பார்கள். அந்தப் பாடும் மீனைப் பற்றி எங்கள் ஊரில் எழுதாத ஆளில்லை, அதனால் விட்டேன். ஆனால் கேட்டதற்காக ஒன்று சொல்கிறேன். ஒரு பௌர்ணமி இரவு அப்பா என்னையும் அண்ணனையும் தோணியில் பாலத்தடிக்குக் கூட்டிப்போனார். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். எனக்குக் கேட்டது, தம்புராவின் ஒற்றை நரம்பு போல. அண்ணனுக்குக் கேட்கவில்லை. ‘பொய் சொல்றான்’ என்றான். அப்பா, ‘இல்ல, அவனுக்குக் கேட்டிருக்கும்’ என்றார். அப்பா இப்போது இல்லை. இந்தக் கவிதையை அவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கும் நேரமெல்லாம் அந்த வாக்கியம்தான் வருகிறது.

நீங்கள் அழகான ஆணைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள்? அழகில்லாத எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அம்பாறைக் கரையோர ஊர் ஒன்றில் இருந்து ஒருவர் எழுதியது இது. வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். அவர் அனுமதியோடு கொஞ்சம் தருகிறேன்:

“தம்பி, எனக்கு 46 வயது. கறுப்பு, குள்ளம், முன்தலையில் மயிர் இல்லை. நானும் உங்களைப் போன்ற ஆள்தான். என்னை இந்த வயதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. உங்கள் கவிதையில் வருகிறவன் அழகன். எல்லாக் கவிதையிலும் வருகிறவன் அவன்தான். இன்னொன்று. ‘சிவந்த தோளில் அந்தி வந்து தங்கிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க வாவிக்குள் நிற்கிறவனுக்குச் சிவந்த தோள் எங்கிருந்து வந்தது?”

ஆம், முதலில் அந்த வரியில் ‘சிவந்த தோளில்’ என்றுதான் இருந்தது. நான் கண்ட தோள் கறுப்பு. கண்ணால் கறுப்பைப் பார்த்து, அதில் சொக்கிப்போய், கையால் சிவப்பு என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் பயந்து அப்படி எழுதவில்லை. அழகு என்று எழுத உட்கார்ந்ததும் கை தானாக அந்தச் சொல்லுக்குப் போய்விட்டது. மணமகள் தேவை விளம்பரத்தில், கல்யாண அல்பத்தில் ஸ்டூடியோக்காரர் வெளுப்பாக்கித் தரும் முகத்தில், கடைத்தட்டில் நிற்கிற கிறீம் டப்பாவில் பழகிய சொல். ‘அவன்’ என்று எழுதப் பன்னிரண்டு வருடம் போராடிய எனக்கு, ‘கறுப்பு’ என்று எழுதவும் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வரியை அன்றிரவே மாற்றினேன். ஆனால் அவர் கேட்டது வரியைப் பற்றி மட்டும் இல்லையே. ஆண்கள் ஆண்களைத் தேடும் போன் செயலிகளைப் பாவித்தவர்களுக்குத் தெரியும். பயத்தில் பலர் முகம் போடுவதில்லை, கழுத்துக்குக் கீழேதான் படம். கீழே எழுதியிருக்கும்: கறுப்பு வேண்டாம், குண்டு வேண்டாம், முப்பதுக்கு மேல் வேண்டாம், நடை பேச்சில் பெண்தன்மை வேண்டாம். ஊர் எங்களை எந்த அளவுகோலால் அளந்ததோ அதையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வைக்கிறோம். அதிலும் கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் வலிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பயந்து நடையை மாற்றியவர்கள், இப்போது மாற்றாதவனை வேண்டாம் என்கிறார்கள்.

அவருக்கு ‘நீங்களும் அழகுதான்’ என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். பார்த்திராத ஒருவரிடம் அப்படிச் சொல்வது வெறும் ஆறுதல். பதிலாக, நீங்கள் யாரை அழகு என்று நினைத்தீர்கள், அதை எழுதுங்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு நான்கு பக்கம் வந்தது. அவர் ஊர்ச் சந்தையில் வெற்றிலை விற்கிற ஒருவரைப் பற்றி. அறுபது வயது இருக்குமாம். வெற்றிலையை அடுக்கி எண்ணும்போது அவர் விரல்கள் போகிற விதம், ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடும் பக்குவம், காசு வாங்கும்போது கண்ணைப் பார்க்காமல் சிரிக்கும் சிரிப்பு. வெற்றிலை போடும் பழக்கமே இல்லாமல் எட்டு வருடமாக அவரிடம் வெற்றிலை வாங்குகிறாராம். கடைசியில் எழுதியிருந்தார்: “தம்பி, இவ்வளவு நாளும் என்னை யாரும் பார்க்கவில்லை என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். நான் பார்த்ததைக் கணக்கில் எடுக்கவே இல்லை.”

என் கவிதையைவிட அந்த நான்கு பக்கம் நல்லது. வெளியிடச் சம்மதிக்கவில்லை, அது அவருடைய முடிவு.

‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லை ஏன் பாவிப்பதில்லை? நீங்கள் திருநங்கையா?

சேர்க்கை என்பது செயல். பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் யாரோடும் சேரவில்லை, ஆனாலும் நான் நான்தான். அதனால் தன்பாலீர்ப்பு என்ற சொல் எனக்குச் சரியாக இருக்கிறது. பால்புதுமையினர் என்ற சொல்லும் இப்போது வருகிறது, நல்ல சொல்.

திருநங்கை இல்லை. திருநங்கையர் பெண்கள். நான் ஆண், ஆணாக இருப்பதில் எனக்குக் குழப்பமில்லை. இரண்டையும் குழப்பி, இருவரையும் ‘ஒன்பது’ என்று கத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பஸ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார் படிப்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரனிடம் இருந்து வந்ததுதானே?

வெள்ளைக்காரனிடம் இருந்து வந்தது சட்டம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையைப் பிரித்தானிய ஆட்சி 1883 இல் இயற்றியது. அதன் 365 ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்குப் 10 வருடம் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு ‘மிக அநாகரிகமான’ செயலுக்கு 2 வருடம் வரை என்கிறது. 1995 இல் செய்த திருத்தத்தில் 365அ பிரிவில் ஆண் என்றிருந்ததை நபர் என்று மாற்றினார்கள், பெண்களும் உள்ளே வந்தார்கள். இந்தப் பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதை எழுதும் நாளில் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. இந்தியாவில் அதே பிரித்தானியர் வைத்துப்போன 377 ஆம் பிரிவில் இருந்து, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை 2018 செப்டெம்பர் 6 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் விலக்கியது.

கவிதை எழுதியதற்காக உங்களைப் பிடிப்பார்களா என்று கவலையோடு கேட்டவர்களுக்கு: அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றித்தான் பேசுகின்றன, விருப்பத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் ஒருவரைப் பயமுறுத்திக் காசு பிடுங்க, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட, சட்டப் புத்தகத்தில் அது இருப்பதே போதுமாக இருக்கிறது.

போரிலும் சுனாமியிலும் இவ்வளவு பேரை இழந்த மண்ணில் ஓர் ஆணின் தோள் அழகைப் பாடுவது உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

கோபத்தோடு கேட்டவர் ஒரு தாய். அவரிடம் நேரே போய்ப் பேசினேன். அங்கே பேசியதை இங்கே எழுதமாட்டேன். என் பதிலை மட்டும் சொல்கிறேன்.

நான் வளர்ந்ததும் அந்த மண்ணில்தான். 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடியும் நாவலடியும் என்ன ஆனது என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொடியன்கள் தெருவில் இறங்கிப் பாடசாலைக்குப் போவதே தாய்மாருக்கு நெஞ்சிடியாக இருந்த காலத்தில் நானும் ஒரு பொடியன். அந்த வருடங்களில் உடம்பு என்றால் சோதனைச் சாவடியில் தடவிப் பார்ப்பது, அடையாளம் காட்டக் கூப்பிடுவது. ஒரு பொடியனின் தோளை அழகு என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அவனைப் பெற்றவளைத் தவிர.

வராமல் போனவர்களில் என்னைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள் அம்மா. யாரையோ பார்த்து, சொல்லாமல் போயிருப்பார்கள். அவர்களுடைய புகைப்படங்களைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெயிலில் நிற்கிறீர்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது எத்தனை வடிவான பிள்ளைகள் என்பதுதான். அதைச் சொல்லக் கூச்சப்படவில்லை.

உங்கள் மதம் இதை ஏற்கிறதா? எங்கள் மார்க்கத்தில் இடமில்லை.

காத்தான்குடியில் இருந்து ஒரு சகோதரரும் தேவாலயப் பணியில் இருக்கும் ஒருவரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். உங்கள் நம்பிக்கையை விவாதித்து மாற்ற நான் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஜமாஅத்திலும் சபையிலும் இப்படியான ஒரு பிள்ளை இருக்கிறான், தொழுகிறான், ஜெபிக்கிறான், பயந்துபோய் இருக்கிறான். நீங்கள் பேசும்போது அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை நினைத்துப் பேசுங்கள்.

என் மகனும் இப்படித்தான் என்று தெரிகிறது. டொக்டரிடம் காட்டலாமா? கல்யாணம் செய்துவைத்தால் மாறுமா?

மாறாது. இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 இல் நோய்ப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. நூல் கட்டுவது, பார்வை பார்ப்பது, அடிப்பது எதுவும் பலன் தராது. பிள்ளை உங்களிடம் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான்.

கல்யாணம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. தாய் தகப்பன் வருடக்கணக்காகச் சீட்டுப் பிடித்து, கல்லரிந்து, மகளுக்கென்று கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை போகிறான். உங்கள் மகனை அந்த வீட்டுக்கு அனுப்பும்போது, தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்து இரவுகளில் அழப்போகும் ஒரு பிள்ளையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கண்ணாடி முன் நின்று, நான் அழகாக இல்லையோ என்று கேட்டுக்கொள்வாள். அவளுடைய அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யார் போய்ச் சொல்வது?

மகன் மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்பது போலப் பேசினால் மட்டும் தாமதிக்க வேண்டாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அழையுங்கள், கூடவே இருங்கள்.

உங்கள் அம்மா வாசித்தாரா?

வாசித்தார். யாரோ அவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த இரண்டு மாதத்தையும் லேசாகச் சொல்லிவிட முடியாது, அதனால் விடுகிறேன்.

ஒரு பின்னேரம் குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஆரு மனே அது?”

“தெரியாதும்மா.”

கொஞ்ச நேரம் இறால் ஓடு சட்டியில் விழுகிற சத்தம் மட்டும்.

“மீன் பட்டிச்சா அவனுக்கு?”

“கொஞ்சம் பட்டிச்சு.”

“மறுகா என்ன, பேரக் கேட்டிருக்கலாமே.”

கவிதையைப் பகிரலாமா? வகுப்பில் வாசிக்கலாமா?

தாராளமாக. வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு தங்கச்சி தன் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார், சந்தோசமாக இருந்தது. என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. பழைய ‘சிவந்த தோள்’ வடிவம் கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுங்கள். இன்னொரு வடிவமும் சுற்றுகிறது. யாரோ நல்லெண்ணத்தில் ‘வலை வீசினாள் ஒருத்தி’ என்று திருத்தி, கடைசி இரண்டு வரியை வெட்டியிருக்கிறார். அதை அனுப்பாதீர்கள். வந்தால், வீசினான் என்று திருத்தித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.